சூட்டியின் மூக்கு

கண்டி ஆஸ்பத்திரி வாசலில் த்ரீவீல் ஓட்டுகிறவனுக்கு உள்ளே வேலை செய்கிறவர்களைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை, யார் பஸ்ஸை விட்டுவிட்டுப் பெரிய நர்ஸ் மிஸ்ஸிடம் ஏச்சு வாங்குகிறார், எல்லாம் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து போகும் செய்திகள்தான். இருளப்பன் அண்ணனைப் பற்றி மட்டும் ஒன்றும் அகப்படாது. மனிதர் வருவார், வேலையைச் செய்வார், பன்வில பஸ் ஏறிப் போய்விடுவார். அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது அவர் சொல்லும் ஒரே ஒரு வசனம்தான்.

அவர் ட்ரொலி தள்ளுகிறவர். வார்ட்டிலிருந்து நோயாளியை ஒப்பரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் கொண்டுபோவார், முடிந்ததும் போய்த் திருப்பிக் கொண்டுவருவார். இளந்தாரியாக இருந்த காலம் தொட்டு இதுதான் உத்தியோகம். கதவுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் முகம் வெளுத்துப் போய் நிற்பார்களே, அவர்களைப் பார்த்துச் சொல்வார்: "ஒரு தூக்கந்தாங்க. தூங்கி எந்திரிச்சா எல்லாம் முடிஞ்சிருக்கும்." சிங்களவருக்குச் சிங்களத்தில் சொல்வார். எங்கள் ஆட்களைக் கண்டால் கடைசியில் ஒரு 'இன்ஷா அல்லாஹ்'வையும் சேர்த்துக்கொள்வார்.

என் மனைவி அபீபாவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது எனக்கும் சொன்னார். அவளுடைய செருப்பையும் வளையலையும் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த வசனத்தைப் பிடித்துத்தான் அன்றைக்கு நின்றேன். அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது. என் வீடு மடவளையில். மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது அவரையும் ஏற்றிக்கொள்வேன். மடவளை பஸ் ஸ்டாண்டில் அவரை இறக்கிவிடும் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வருவேன், அவர் 'உம்' கொட்டுவார். என்னை அவர் 'நானா' என்பார், எங்கள் ஆட்களிடம் அண்ணனுக்கு அதுதான் சொல்.

பன்வில டவுனைத் தாண்டித் தேயிலை முடிகிற இடத்தில் அவருக்கு ஒரு துண்டுக் காணியும் தகரக் கூரை போட்ட வீடும் இருக்கின்றன. வீட்டில் இருப்பது அவரும், மனைவி பாலம்மா அக்காவும், சூட்டியும். சூட்டி என்றால் சிங்களத்தில் சின்னது. குட்டியாகக் கிடைத்தபோது வைத்த பெயர். பிறகு அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது, பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது முகவாயெல்லாம் நரைத்த கிழட்டு நாய்.

பாலம்மா அக்கா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் அரை ஆயுளைக் கழித்தவர். அந்த இரைச்சல் அவருடைய காதைத் தின்றுவிட்டது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார். அவர் பேசினால் இன்றைக்கும் மெசின் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரித்தான் பேசுவார், பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும்.

அவருக்குக் காதாக இருந்தது சூட்டி. யாரும் பழக்கவில்லை, அதுவாகவே பழகிக்கொண்டது. குக்கர் விசில் அடித்தால் எழும்பிப் போய் அக்காவின் காலில் மூக்கை வைத்து ஒரு தள்ளு. கேட்டடியில் ஆள் வந்தால் இரண்டு தள்ளு. இருளப்பன் அண்ணன் இரவு டியூட்டிக்குப் போகும்போது நிம்மதியாகப் போனார் என்றால் அந்த நாயை நம்பித்தான்.

போன மழைக்காலத்தில் சூட்டிக்கு மூக்கில் இரத்தம் வரத் தொடங்கியது. ஒரு பக்க மூக்கில் மட்டும். தும்மும், இரத்தம் தெறிக்கும், அந்தப் பக்கம் அடைத்துப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அண்ணன் அதைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். டொக்டர் கிருஷ்ணராஜ் என்று யாழ்ப்பாணத்து ஆள், கண்டியில் படித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர். தோட்டத்து ஓடையில் தண்ணீர் குடிக்கிற நாயாயிற்றே, அட்டை ஏறியிருக்குமோ என்று முதலில் பார்த்தார். அட்டை இல்லை. மருந்து கொடுத்தார், நின்றது. மருந்து முடிந்ததும் திரும்பவும் வந்தது. வேறு மருந்து கொடுத்தார், அதற்கும் அதே கதைதான்.

கடைசியில் டொக்டர் சொல்லிவிட்டார். உள்ளே பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கமெரா விட்டுப் பார்க்க வேண்டும், சந்தேகமாக எதுவும் இருந்தால் ஒரு சின்னத் துண்டு எடுத்து அனுப்ப வேண்டும். முழிப்பாக இருக்கிற நாயின் மூக்குக்குள் அதெல்லாம் நடக்காது. மயக்கித்தான் செய்ய வேண்டும்.

அன்றைக்குத் தொடங்கியது இந்த மனிதரின் அவதி. நேற்றுச் செய்வோம் என்றவர் இன்றைக்கு வேண்டாம் என்பார். பஸ் ஸ்டாண்டில் விட்டால் வேண்டாம் என்று இறங்குவார், அடுத்த நாள் வேண்டும் என்று ஏறுவார். நானும் பொறுத்துப் பார்த்தேன். எனக்குப் பொறுமை அவ்வளவு காணாது.

"அண்ணன், ஊர்ல இருக்கிற மனுசரையெல்லாம் மயக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனீங்களே. ஒரு நாயைக் கொண்டு போக உங்களுக்கு ஏலாதா?" என்று கேட்டுவிட்டேன்.

மனிதர் கோபிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் உள்ள கொண்டுபோன எல்லாரையும் திருப்பிக் கொண்டாரலையே, நானா."

வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். அவரே தொடர்ந்து பேசினார். பழகிய இவ்வளவு காலத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"வயசான நாயிங்க. எந்திரிக்காமப் போயிருச்சுன்னா? எனக்கு அழுக வரும், அழுதுட்டுப் போயிருவேன். இவளுக்குக் காது யாரு? நான் ராவு டியூட்டியில இருக்கிறப்ப இவ ஒத்தையில என்னா பண்ணுவா? மருந்தக் குடுத்து இருக்கிற வரைக்கும் வச்சுக்கிருவோமான்னு தோணுது."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"அவகிட்ட ஒரு தூக்கந்தான்னு சொல்லியிருக்கேன். அவ சரின்னுட்டா."

இது எனக்குச் சரியாகப் படவில்லை. இருளப்பன் அண்ணன் உலகத்தில் நடப்பதையெல்லாம் மனைவிக்குச் சுருக்கித்தான் சொல்வார். கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருப்பதால் வந்த பழக்கம். பஸ் விபத்தை 'பஸ் லேட்டு' என்பார், செத்தவீட்டை 'கூட்டம்' என்பார். ஆனால் இதையும் இப்படிச் சுருக்கலாமா? புருஷன் மனைவி விஷயத்தில் நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேண்டும் என்று அவர் ஏறிய ஒரு நாளில் எடுத்த இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. இதயமும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. டொக்டர் ஒரு நாளைச் சொன்னார், முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்றார். அண்ணன் கடைசி நேரத்தில் மனம் மாறிவிடுவார் என்று நினைத்துத்தான் அன்று காலையில் பன்விலைக்குப் போனேன்.

கேட்டடியில் ஹோர்ன் அடித்தேன். சூட்டி வாசலில் படுத்திருந்தது, தலையைக்கூடத் தூக்கவில்லை. கிழவனாகிவிட்டால் நாய்க்கும் மரியாதை குறைந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அண்ணன் என் வண்டியில் முதலில் ஒரு சாக்கை விரித்தார், அதன் மேல் ஒரு பழைய போர்வையை விரித்தார். பிறகு ஒரு பொலித்தீன் பையை முன்னால் வைத்தார். "மண்ணு கொண்டாந்திருக்கேன், நானா. நல்ல சுத்தமான மண்ணு. திரும்பி வந்ததும் நானே கழுவித் தாறேன்."

நாயின் எச்சில் பட்டால் நாங்கள் ஏழு முறை கழுவுவோம், அதில் ஒரு முறை மண் கலந்து. நான் அவரிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. தன் நாய் சாகுமா பிழைக்குமா என்று தெரியாத காலை நேரத்தில் என் வண்டிக்காக மண் அள்ளி வைத்திருக்கிறார். அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் அங்கேயே போய்விட்டது.

பாலம்மா அக்கா சூட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் கழுத்தில் மாரியம்மன் கோயில் கயிறு புதிதாகக் கட்டியிருந்தது. "நேத்து ராவுலருந்து இது சாப்பிடல, நானா. நானும் சாப்பிடல!" என்று என் காதுக்குப் பின்னால் கத்தினார். வத்தேகம டவுனே திரும்பிப் பார்த்தது.

டொக்டர் கிருஷ்ணராஜ் சூட்டியை மேசையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, சம்மதக் கையெழுத்துக்கான தாளை நீட்டினார். அண்ணன் பேனையை வாங்கினார். வாங்கியதோடு சரி. எத்தனை ஆயிரம் பேர் கையெழுத்து வைப்பதைப் பார்த்த மனிதர், எழுதத் தெரியாதவர் போல நின்றார்.

"டொக்டர், ஒன்னும் ஆகாதுங்களே?" என்று கேட்டார்.

டொக்டர் அவருக்கு நேரே நின்று பேசினார். "ஒண்டும் ஆகாது எண்டு நான் சொல்லமாட்டன், ஐயா. வயசு போனது ஒரு நோயில்லை. இரத்தம் நல்லாயிருக்கு, இதயம் நல்லாயிருக்கு. நாங்கள் பக்கத்திலயே நிண்டு பார்த்துக்கொண்டிருப்பம். அப்பிடியிருந்தும் எழும்பாமல் போறதும் நடக்கும். குறைவு, ஆனா நடக்கும். பார்க்காமல் விட்டா, உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியாமலே மருந்து குடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முடிவு உங்கட."

அண்ணன் பேனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலம்மா அக்கா அவருடைய கையைத் தட்டினார். "என்னாங்க சொல்றாரு?"

"ஒரு தூக்கந்தானாம்."

அக்காவின் முகம் மாறியது. கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"காதுதாங்க எனக்குக் கேக்காது. கண்ணு நல்லாத் தெரியும். எழும்பாமன்னு அவரு வாயில வந்துச்சு. ஆஸ்பத்திரி கதவுக்கிட்ட ஊரு ஆளுகளுக்குச் சொல்றத எங்கிட்டயும் சொல்றீங்களா? நான் யாரு, வார்ட்டுல நிக்கிற ஆளா?"

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. "ஒனக்காகத்தான்டி யோசிக்கிறேன்," என்றார். அவர் உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது எந்திரிக்கலைன்னா ஒனக்குக் காது யாரு? யாரு வந்து ஒன்னையத் தள்ளிச் சொல்லுவா?"

அக்கா சூட்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார்.

"அதுக்கும் காது கேக்காதுங்க."

டொக்டர் உட்பட நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம்.

"தீவாளிக்கு வெடி போட்டாங்களே. வருசா வருசம் கட்டிலுக்கடியில ஓடுற நாயி, இந்தத் தடவ வாசல்ல அப்பிடியே படுத்துக் கெடந்துச்சு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒங்ககிட்டச் சொன்னா டியூட்டிக்குப் போகாம வீட்டுல ஒக்காந்துக்கிருவீங்கன்னு சொல்லல."

"அப்ப குக்கரு?"

"மணியப் பாத்து நாந்தான் எறக்குறேன். பாதி நாளு அடிப்பிடிக்குது. நீங்கதான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சாப்பிடுறீங்களே!"

சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அந்தப் பருப்பைச் சாப்பிட்டிருக்கிறேன். காலையில் ஹோர்ன் அடித்தபோது அது திரும்பாததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

அக்கா அண்ணனின் கையிலிருந்த பேனையை எடுத்தார். "இத்தன வருசம் எனக்கு ஒழைச்சிருச்சு. இனி இது எனக்கு ஒன்னும் செய்ய வேணாம். ராவெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு மூச்சுக்குத் தவிக்குது, அதப் பாத்துக்கிட்டு என்னால படுத்திருக்க முடியல. அது நல்லா மூச்சு விடணும், அதுக்காகத்தான் கூட்டியாந்தேன். எந்திரிச்சா கூட்டிட்டுப் போவோம். எந்திரிக்கலைன்னா நாம ரெண்டு பேரும் பாத்துக்கிருவோம்."

தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். பிறகு அண்ணனிடம் தாளை நீட்டி, "நீங்களும் வைங்க," என்றார். அவரும் வைத்தார்.

கயிற்றைக் கழற்ற வேண்டும் என்றார் டொக்டர். அண்ணன் அதைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் தாயத்தும் வளையலும் கழற்றிக் கொடுக்கிற அதே கை. கதவு மூடியது. இந்த முறை அவர் கதவுக்கு வெளியே நின்றார்.

அக்கா கதிரையில் உட்கார்ந்து கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடித்தான் நிப்பாங்களா, நானா?"

"ஆரு?"

"நான் கதவ மூடிட்டுப் போனப் பொறகு. வெளிய நிக்கிறவங்க."

"இப்பிடித்தான் நானும் நின்டேன்," என்றேன். அவருடைய வசனத்தை அவருக்கே சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. அக்காவிடம் ஏச்சு வாங்க எனக்குத் தைரியமில்லை, சொல்லவில்லை. பக்கத்தில் போய் நானும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டொக்டர் வெளியே வந்தபோது முகக்கவசம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. பேசுவதற்கு முன்னமே அக்கா அவர் முகத்தைப் படித்துவிட்டு எழும்பிவிட்டார்.

"பல்லு," என்றார் டொக்டர். "மேல் வேட்டைப்பல்லின்ர வேர் அழுகி, மூக்குக்குள்ள ஓட்டை போட்டிருக்கு. சீழெல்லாம் அதுக்குள்ளாலதான் போயிருக்கு. பல்லைக் கழட்டி, துப்புரவாக்கி, தைச்சுவிட்டிருக்கு. வேற கட்டி கிட்டி ஒண்டும் என்ர கண்ணில படேல்லை. எதுக்கும் சின்னத் துண்டொண்டு அனுப்பியிருக்கிறன். வாங்கோ, எழும்புது."

சூட்டி ஒரு பச்சைத் துணியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. அண்ணன் மண்டியிட்டு அதன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சூட்டி, சூட்டி, கண்ணத் தொறடா, எல்லாம் முடிஞ்சிருச்சு," என்று கூப்பிட்டார். மயக்கம் தெளிகிற மனிதர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த பழக்கம். பாதியில் ஞாபகம் வந்து நிறுத்தினார். வாயால் கூப்பிட்டுப் பிரயோசனமில்லையே. உள்ளங்கையை அதன் மூக்குக்கு முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூக்கு அசைந்தது. பிறகு வால் நுனி. பாலம்மா அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்த பூனைகள் எல்லாம் கத்தத் தொடங்கின.

அன்றைக்கு மாலையில் அவர் சொன்னபடியே வண்டியைக் கழுவித் தந்தார். ஏழு முறை. நான் போதும் போதும் என்று சொல்லியும் விடவில்லை. அனுப்பிய துண்டில் ஒன்றுமில்லை என்று பிறகு டொக்டர் போனில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இப்போது அந்த வசனம் இல்லை. கதவடியில் அண்ணன் ட்ரொலியை நிறுத்தி, "டொக்டர் சொன்னது வெளங்குச்சுங்களா? வெளங்கலைன்னா இப்பவே கேட்டுக்கங்க," என்கிறாராம். பிறகு, "முடிஞ்சதும் நாந்தான் வந்து கூட்டியாருவேன்," என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். நேரம் வீணாகிறது என்று ஒரு மிஸ் ஏசினாராம். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அபீபா தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பத்தைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பன்விலைக்குப் போனேன். அண்ணன் டியூட்டியிலிருந்து இன்னும் வரவில்லை. கேட் உள்பக்கம் கொக்கி போட்டிருந்தது. பழக்க தோஷத்தில் ஹோர்ன் அடித்துவிட்டு, யாருக்காக அடிக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சூட்டி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் தூங்கியது. அக்கா வீட்டுக்குப் பின்னால் கீரை பறித்துக்கொண்டிருந்தார், கேட்டிலிருந்து பார்க்க அவர் குனிந்திருந்தது தெரிந்தது.

குசினியிலிருந்து குக்கர் விசில் அடித்தது. திரும்பவும் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் கேட்டடி வரைக்கும் வந்தது.

"அக்கா! பருப்பு! அக்கோ!"

மலை மட்டும்தான் பதில் சொன்னது. கேட் கம்பியில் காலை வைத்து ஏறப் போனேன்.

சூட்டியின் மூக்கு தூக்கத்திலேயே உயர்ந்தது. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. பிறகு மெல்லக் காலை ஊன்றி எழும்பியது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கீரைப் பாத்தியில் குனிந்திருந்த அக்காவின் காலில் மூக்கை வைத்து ஒரு தள்ளு தள்ளியது.

அக்கா அதை ஒரு நிமிஷம் பார்த்தார். கீரையைப் போட்டுவிட்டு ஓடினார்.

குக்கரை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தவர், கேட்டில் ஒரு காலைத் தூக்கியபடி நின்ற என்னைக் கண்டார். "நானா, வந்தா ஒரு கொரல் குடுக்கக் கூடாதா? அங்க நின்னுக்கிட்டு என்னா பண்றீங்க?" என்று கத்தினார். இந்த வீட்டில் குரல் கொடுத்து என்ன பிரயோசனம் என்று நான் சொல்லவில்லை. அவர் என்னை ஏசிக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வந்ததும் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். பருப்பில் அடிப்பிடித்த வாசம் கொஞ்சம்தான் இருந்தது. வழக்கம்போல அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாருக்கு," என்றார்.

"இன்னைக்கு மெய்யாவே நல்லாருக்குங்க," என்று அக்கா சொன்னார். பிறகு ஒன்றையும் சுருக்காமல் நடந்ததையெல்லாம் சொன்னார். அண்ணன் சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ச் சூட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் ஈர மூக்கில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சூட்டி அவருடைய கையிலிருந்த பருப்பை நக்கி முடித்தது.